வன்னியில் கைத்தொழிற் கடை போடப் போகிறீர்களா? சாமான் வாங்க முதல் இதைப் பாருங்கள்

பரந்தன்–முல்லைத்தீவு றோட்டில், தர்மபுரத்துக்குக் கிட்ட ஓர் ஒழுங்கைக்குள் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்தால் கொயில் (உள்ளே இருக்கிற செம்புக் கம்பிச் சுருள்) கட்டிக் கொடுப்பேன், பெயரிங் மாற்றுவேன், கப்பாசிற்றர் போடுவேன். இதற்கு முதல் தையல் கடை வைத்திருந்தேன். 2016 இல் தொடங்கி 2019 இல் மூடினேன். மூடும்போது கையில் இரண்டு மெசினும், கிழமைக்குக் கிழமை கட்டுகிற ஒரு கடனும் மிஞ்சியிருந்தன.

அந்த மூன்று வருடமும் நான் சோம்பி இருக்கவில்லை. தையலும் நன்றாகத் தெரியும். தொழிலைத் தெரிவு செய்த விதம்தான் பிழை. பிறகு பதிவு, அனுமதிக் கடிதங்களை எடுத்த ஒழுங்கும் பிழை. இப்போது மாதத்துக்கு ஒருவராவது வந்து, "அக்கா, என்ன தொழில் செய்தால் நல்லது?" என்று கேட்கிறார்கள். பாதிப்பேர் ஏற்கெனவே சாமானை வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். அதனால் நான் பட்டதை ஒழுங்காக எழுதுகிறேன். ஒன்று முடிந்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள்.

1. உங்களைச் சுற்றி ஐந்து கிலோமீற்றரை எண்ணுங்கள்

ஒரு கொப்பியும் சைக்கிளும் போதும். மூன்று பின்னேரம் ஒதுக்குங்கள். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் எத்தனை தண்ணீர் மோட்டார், எத்தனை லேண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), எத்தனை மோட்டார் சைக்கிள், எத்தனை அரைக்கிற ஆலை, எத்தனை புது வீட்டு அத்திவாரம் என்று எழுதுங்கள். பக்கத்தில், அவற்றைத் திருத்தும் கடை எத்தனை என்று எழுதுங்கள். நான் எண்ணியபோது எங்கள் பக்கம் தையல் மெசின் வைத்திருந்த வீடுகள் 23. மோட்டார் வைண்டிங் செய்கிறவர் ஒருவரும் இல்லை. எரிந்த மோட்டாரைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோதான் போனார்கள்.

அந்த 23 மெசின்கள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். உதவி கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் பெண்களுக்கு ஒரே சாமானைத்தான் கொடுத்தார்கள். ஒரு கிராமத்தில் எல்லா வீட்டிலும் தையல் மெசின் இருந்தால் யார் யாரிடம் தைக்கக் கொடுப்பது? இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு தொழிலைத் தெரிவு செய்யாதீர்கள். உங்களுக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டுக்கும் கிடைத்திருக்கும்.

எண்ணும்போது ஆட்களோடு கதைப்பீர்கள். அப்போது எல்லோரும் விடுகிற பிழை, "நான் கடை போட்டால் வருவீங்களோ?" என்று கேட்பது. வன்னியில் அதற்கு ஒருவரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே மறுக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது பழுதானது? எங்கே கொடுத்தனீங்கள்? எத்தனை நாள் ஆனது? எவ்வளவு காசு கொடுத்தனீங்கள்? போய்வர என்ன செலவு? இந்த ஐந்துக்கும் இருபது வீட்டில் மறுமொழி எடுத்தால் உங்கள் தொழில் கொப்பியிலேயே தெரியும்.

எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கல்மடுப் பக்கம் கத்தரியும் மிளகாயும் வைத்திருந்த ஒரு ஐயா சொன்னார்: "மோட்டார் போனதுக்கு நான் அழேல்லப் பிள்ளை. அது வவுனியாவில கிடந்த எட்டு நாளில கண்டெல்லாம் கருகினதுக்குத்தான்." அவருக்குத் தேவைப்பட்டது மலிவு விலை இல்லை, இரண்டு நாளில் மோட்டார் திரும்பி வருவதுதான். அந்த ஒரு வசனத்தில்தான் என் கடை தொடங்கியது.

2. தொழில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்

இது என் அனுபவத்திலும், பக்கத்துக் கடைக்காரர்களோடு கதைத்ததிலும் வந்த கணிப்பு. உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். எண்ணிய கொப்பி சொல்வதை முதலில் நம்புங்கள்.

மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலைக்கு எப்போதும் ஆள் உண்டு. ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் கடையும் உண்டு. லேண்ட்மாஸ்ரரும் தண்ணீர்ப் பம்பும் சேர்த்துப் பார்க்கிறவர் குறைவு. மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போல வயல் நிறைந்த இடங்களில் இதற்குப் போகத்துக்குப் போகம் வேலை வரும். முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர் வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரம் திருத்தப் பழகினால், கடற்கரை விட்டுப் போக வேண்டியதில்லை.

வெல்டிங் நல்ல தொழில். படலை, கூரை, லேண்ட்மாஸ்ரர்ப் பெட்டி என்று வேலை பலவகை. ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெட்டவோ ஒட்டவோ கொண்டுவருகிற பழைய இரும்பு, நிலத்தில் கிண்டி எடுத்ததாக இருந்தால், அது என்னவென்று உங்களுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால், அதற்கு நெருப்புக் காட்டவே கூடாது. எங்கள் மண்ணில் இன்னும் வெடிபொருள் கிடக்கிறது. குழாய் மாதிரி இருப்பதெல்லாம் குழாய் இல்லை. வருகிறவர் உறவுக்காரர் என்றாலும் திருப்பி அனுப்புங்கள். அப்படியான சாமான் கிடக்கிற இடத்தைத் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

தச்சு வேலைக்கு எங்கள் முதிரையும் தேக்கும் பேர் போனவை. ஆனால் மரத்தொழிலில் கடித வேலை அதிகம். கடையை வனத் திணைக்களத்தில் பதிய வேண்டும், மரம் ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், பெரிய மெசின் போட்டால் சுற்றாடல் அனுமதியும் கேட்பார்கள். பற்றுச்சீட்டு இல்லாத மலிவு மரம் ஒரு கட்டு உள்ளே வந்தாலே போதும், நீங்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டி வரும்.

அலுமினியம் வேலை வீட்டுத்திட்டத்தோடு ஏறும், அதோடேயே இறங்கும். ஒரு திட்டம் நடக்கும்போது தொடங்கினால், அது முடியும் மாதத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.

வயரிங் செய்ய நினைப்பவர் என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழோடு தொடங்குங்கள். மின்னியலாளர்களுக்கு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. அதற்கு அந்தச் சான்றிதழ் கேட்கப்படும்.

தையலை முழுக்கத் தள்ளிவிடச் சொல்லவில்லை. சட்டை தைப்பதை விட்டு, கதிரைக்கு உறை, உழவு இயந்திர இருக்கை, படங்குக்கு ஓரம் அடிப்பது என்று கனமான தையலுக்குப் போன ஒருவரைத் தெரியும். அவருக்கு வேலை நிற்பதே இல்லை.

என் தொழிலுக்கு வேலை கூட்டியது மண்ணெண்ணெய் விலை. 2022 ஆவணியில், அதாவது ஓகஸ்டில், ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய்ப் பம்பு வைத்திருந்த தோட்டக்காரர் பலர் கறண்ட் மோட்டாருக்கு மாறினார்கள். மோட்டார் கூடினால் எரிகிற மோட்டாரும் கூடும். இப்படி, மனிதர்கள் எதிலிருந்து எதற்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் உங்கள் கொப்பியில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இப்போது நான் அந்தப் பக்கத்தில் சோலார் பம்பு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

3. கை பழகுங்கள், சான்றிதழும் எடுங்கள்

இரண்டும் வேண்டும். சான்றிதழ் மட்டும் இருந்தால் முதல் மாதத்திலேயே ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கை மட்டும் இருந்தால் வங்கியும் ஒப்பந்த வேலையும் கதவைத் திறக்காது.

பயிற்சிக்கு முதலில் அரச இடங்களைப் பாருங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபைக்கும், நைற்றா என்று எல்லோரும் சொல்லும் தேசிய பயிலுனர் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபைக்கும் மாவட்ட அலுவலகங்கள் உண்டு. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனம், மின்சாரம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் படிக்கலாம். தனியார் இடத்தில் காசு கட்டிப் படிக்கப் போனால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இந்த வகுப்பு முடிய என்.வி.கியூ கிடைக்குமா, எத்தனையாம் மட்டம்?" நேராக மறுமொழி சொல்லாவிட்டால் காசைக் கட்டாதீர்கள். பளபளப்பான சான்றிதழ்கள் சிலவற்றுக்கு அந்தக் கட்டடத்துக்கு வெளியே பெறுமதி இல்லை.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர் வகுப்புக்குத் திரும்பப் போகத் தேவையில்லை. செய்த வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்கு இருந்து என்.வி.கியூ எடுக்கும் வழி நைற்றாவில் உண்டு. அதற்கு ஒரு ஆதாரக் கோப்பு வேண்டும்: செய்த வேலையின் படங்கள், யாரிடம் எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள் என்ற கடிதம், கொடுத்த பற்றுச்சீட்டுகள். நான் பழகிய காலத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. பிறகு ஆதாரம் சேர்க்கவே நான்கு மாதம் போனது. நீங்கள் முதல் நாளிலிருந்தே படம் எடுங்கள். திகதி தெரிய, உங்கள் கையும் முகமும் தெரிய எடுங்கள்.

கை பழகுவது வேறு கதை. அம்மாவின் தம்பி, எங்கள் சின்னமாமா, வவுனியாவில் வைண்டிங் கடை வைத்திருந்தார். அவரிடம் 14 மாதம் இருந்தேன். முதல் இரண்டு மாதம் என்னைக் கம்பியைத் தொடவே விடவில்லை. எரிந்த மோட்டாரைக் கழற்றி, எண்ணி, எழுதுவது மட்டுமே வேலை. எத்தனை காடி (கம்பி இருக்கிற பள்ளம்), கொயில் எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குப் போகிறது, ஒரு கொயிலில் எத்தனை சுற்று, கம்பியின் தடிப்பு எத்தனை கேஜ், எந்த நுனி எதோடு சேர்கிறது. ஒரு நாள் அவசரத்தில் எண்ண முதல் கொயிலின் தலையை வெட்டிவிட்டேன். மாமா ஏசவில்லை. வெட்டுப்பட்ட கம்பிகளை ஒரு சுளகில் கொட்டி, "இப்ப எண்ணு பிள்ளை" என்றார். கருகின கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நகத்தால் பிரித்துப் பிரித்து, பின்னேரம் ஆறு மணிக்கு 62 என்று முடித்தேன். இன்று வரை எண்ணாமல் வெட்டியதில்லை.

எந்தத் தொழில் என்றாலும் இப்படி ஒருவரின் கீழ் ஒரு வருடமாவது இருங்கள். இருக்கப் போக முதல் மூன்றைக் கதைத்து முடியுங்கள்: நாட்கூலி உண்டா, எத்தனை மாதம், போகும்போது அனுபவக் கடிதம் தருவாரா. பழகியவரின் கடைக்குப் பக்கத்திலேயே போய்க் கடை போடாதீர்கள். நாளைக்கு உங்களால் முடியாத ஒரு மோட்டார் வந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டி வரும்.

4. இடத்தின் கடிதத்தைப் பாருங்கள்

வன்னியில் கனபேர் சறுக்குவது இங்கேதான். கடைக்கு இடம் பார்க்கும்போது வாடகையையும் றோட்டுக் கரையையும் பார்ப்போம். காணிக் கடிதத்தைப் பார்க்க மறந்துவிடுவோம்.

எங்கள் பக்கத்துக் காணிகள் பெரும்பாலும் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி, அல்லது அளிப்புப் பத்திரக் காணி. சொந்த உறுதி (காணிப் பத்திரம்) உள்ள காணி குறைவு. இடம்பெயர்வில் கடிதம் தொலைத்தவர்களும், பெற்றோர் இறந்த பிறகு பெயர் மாற்றாதவர்களும் அதிகம். பெர்மிட் காணியை நினைத்தபடி வாடகைக்கோ குத்தகைக்கோ எழுத முடியாது. ஈடு வைக்கவும் கட்டுப்பாடு உண்டு. வியாபாரப் பெயர் பதியப் போகும்போது அந்த இடத்தில் இருக்க உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். அப்போது காணிச் சொந்தக்காரரின் கடிதம் சரியில்லை என்று தெரிந்தால், கொடுத்த முற்பணம் போனதுதான்.

எனக்கு நடந்தது இது. முதல் பார்த்த இடத்துக்கு மூன்று மாத முற்பணமாக 24,000 கொடுத்தேன். கடிதம் அந்த ஐயாவின் காலஞ்சென்ற தகப்பன் பெயரில் இருந்தது. பதிய முடியவில்லை. அவர் நல்ல மனிதர். காசைச் செலவழித்துவிட்டார். பாதியைத்தான் திருப்பித் தர முடிந்தது.

ஆகவே முற்பணம் கொடுக்க முதல் காணிக் கடிதத்தின் பிரதியை வாங்கி, பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவிடம் காட்டுங்கள். "இந்த இடத்தில் கடை வைத்து என் பெயரில் பதியலாமா?" என்று கேளுங்கள். ஒரு காலை நேரம் போகும், அவ்வளவுதான். சொந்த வளவுக்குள்ளேயே ஒரு கொட்டில் போட்டுத் தொடங்க முடியுமென்றால் அதைத்தான் நான் சொல்வேன். வைண்டிங், பம்பு, தையல் போன்ற தொழிலுக்குச் சனம் ஒழுங்கைக்குள் தேடி வரும். ரயர் ஒட்டுகிறவருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும்தான் றோட்டுக் கரை உயிர்.

5. கடிதங்களை இந்த ஒழுங்கில் எடுங்கள்

முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். வதிவிடத்தையும் கடை இருக்கும் இடத்தையும் உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டும். அவர் எந்தெந்த நாள் அலுவலகத்தில் இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். கடை வேறு கிராம அலுவலர் பிரிவில் இருந்தால் இரண்டு பேரிடமும் போக வேண்டி வரும்.

அடுத்தது வியாபாரப் பெயர்ப் பதிவு. இது பிரதேச செயலகத்தில். விண்ணப்பம், அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலர் கடிதம், இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் கொண்டு போங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி, மூலமும் கையில். பெயர் எழுதும்போது அடையாள அட்டையில் உள்ளது போலவே ஒரு எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். என் விண்ணப்பத்தில் முதலெழுத்து ஒன்று மாறியிருந்தது. பிறகு வங்கியில் கணக்குத் திறக்கும்போது அதற்காகத் திரும்ப அலைந்தேன். தொழிலின் தன்மை என்ற இடத்தில் ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். "மின்மோட்டார் வைண்டிங், நீர்ப்பம்பி திருத்தம், உதிரிப்பாகம் விற்பனை" என்று நாளைக்குச் செய்யப் போவதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு முழுதும் கைக்கு வர ஒன்பது வேலைநாள் ஆனது. நீங்கள் மூன்று கிழமை என்று கணக்கு வையுங்கள்.

மூன்றாவது பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றென்று நினைத்து வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு. எல்லையும் வேறு. எங்கள் இடம் கண்டாவளைப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது, ஆனால் பிரதேச சபை கரைச்சி. கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகம் நான்கு, பிரதேச சபை மூன்று. முல்லைத்தீவில் செயலகம் ஆறு, சபை நான்கு. உங்கள் இடம் எதற்குள் வருகிறது என்பதைக் கிராம அலுவலரிடமே கேட்டுவிடுங்கள்.

இந்த அனுமதிப்பத்திரம் தை முதல் மார்கழி வரைக்கும்தான், அதாவது ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. கார்த்திகையில் எடுத்தாலும் மார்கழி 31 உடன் முடிந்துவிடும். வருடக் கடைசியில் கடை போடுகிறவர் சபையில் கேட்டு, முடிந்தால் தை முதல் கிழமையில் எடுக்கிற மாதிரித் திட்டமிடுங்கள். அனுமதி இல்லாமல் திறந்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

வாகனத் திருத்தம், மெசின் போட்ட தச்சு, குளிர்சாதனப் பெட்டி திருத்தம் போன்றவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவைப்படும். சபைக்குப் போகும் அதே நாளில் உங்கள் தொழிலுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். கழிவு எண்ணெய் எங்கே போகும், சத்தம் யாருக்குப் படும் என்று பார்க்க ஆள் வருவார். பக்கத்து வளவுக்காரரோடு முதலே கதைத்து வையுங்கள். முறைப்பாடு வந்தால் மாதக்கணக்கில் இழுபடும்.

கடைசியாக வரி இலக்கமும் வங்கிக் கணக்கும். வரி இலக்கம் எடுத்தவுடன் வரி கட்ட வேண்டும் என்று பயப்படுகிறார்கள். 2025 சித்திரையிலிருந்து தனியாளுக்கு வருடம் 18 இலட்சம் ரூபா வருமானம் வரை வரி இல்லை. நடைமுறைக் கணக்குத் திறக்க இந்த இலக்கம் கேட்பார்கள், அதனால் எடுத்து வையுங்கள். வீட்டுக் காசும் கடைக் காசும் ஒரே கணக்கில் கிடந்தால் வங்கிக்கு உங்கள் தொழிலைக் காட்டவே முடியாது.

6. கறண்டைக் கேட்டுவிட்டு மெசின் வாங்குங்கள்

வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டக் கூடாது. மின்கட்டணத்தில் வீட்டுக்கு ஒரு வகை, கடைக்கு ஒன்று, கைத்தொழிலுக்கு ஒன்று. பிடிபட்டால் கட்ட வேண்டிய தொகை, ஒழுங்காக மாற்றுவதற்கான செலவைவிடப் பெரிது. வியாபாரப் பதிவு கைக்கு வந்தவுடன் விண்ணப்பியுங்கள். மூன்று லைன் (த்ரீ பேஸ்) இழுக்க வேண்டுமென்றால் தூணிலிருந்து தூரத்தைப் பொறுத்துச் செலவு ஏறும். ஆகவே முதலில் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்.

இதை ஏன் மெசினுக்கு முதல் சொல்கிறேன் என்றால், பக்கத்தில் வெல்டிங் கடை போட்ட தம்பி ஒருவர் நல்ல மெசின் வாங்கினார். பின்னேரம் ஆறிலிருந்து ஒன்பது வரை ஊரில் 230 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் 190 தான் இருக்கும். ரொட் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிடிக்காது. அவர் வேலையை முழுக்கக் காலைக்கு மாற்ற வேண்டி வந்தது. சொந்தமாக ஒரு வோல்ற் மீற்றர் வாங்கி, ஒரு கிழமை காலை, மதியம், இரவு மூன்று நேரமும் அளந்து எழுதுங்கள். அந்தத் தாளைக் காட்டி மெசின் கடையில் கதையுங்கள்.

7. எவ்வளவு காசு, எங்கிருந்து

2021 இல் நான் தொடங்கியபோது எழுதிய கணக்கு இது. கையால் சுற்றும் வைண்டிங் மெசின் 14,000. கிளாம்ப் மீற்றர் (கறண்ட் அளப்பது) 6,500. பழைய மெகர் (கம்பிக் காப்பைச் சோதிக்கும் மீற்றர்) 12,000. பெயரிங் கழற்றி 3,500. வைஸ் 9,000. கைச்சாமான் 8,000. செம்புக் கம்பி 18,000. பேப்பர், வார்னிஷ், கப்பாசிற்றர், பெயரிங் எல்லாம் 16,000. மொத்தம் 87,000 ரூபா. 2022 பங்குனியில் டொலர் ஏறியதோடு கம்பி விலை இரட்டிப்புக்குக் கிட்டப் போனது. இன்று இதே பட்டியலுக்கு இரண்டு மடங்கு வைத்திருங்கள்.

சாமான் கணக்கோடு நிற்காதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவில் பாதியாவது தனியாக வேண்டும். எனக்கு முதல் மாதம் வந்தது ஏழு மோட்டார். நான்காம் மாதத்தில்தான் இருபதைத் தொட்டது. இடையில் வீடு நடக்க வேண்டும்.

கடன் எடுப்பதென்றால் அரச வங்கிகள், பிரதேச அபிவிருத்தி வங்கி, கூட்டுறவுச் சங்கம், சமுர்த்தி வங்கி என்று முதலில் இவற்றைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சிறு தொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். எந்தக் கடன் திட்டம் இப்போது திறந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வங்கி கேட்பது பெரும்பாலும் வியாபாரப் பதிவு, ஆறு மாதக் கணக்கு, பிணைக்கு இரண்டு பேர். பிணைக்கு அரச உத்தியோகத்தர் கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஆகவே கடையைச் சிறிதாகத் தொடங்கி, ஆறு மாதம் கணக்கில் காசு போட்டு எடுத்துக் காட்டிவிட்டுக் கடனுக்குப் போவது சுலபம்.

வாசலுக்கு வந்து, கடிதம் கேட்காமல், ஐந்து பெண்களைச் சேர்த்துத் தருகிற கிழமைக் கடனை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும், ஆனால் எங்கள் சனம் காசு தருவது போகத்துக்குப் போகம். இரண்டும் ஒருநாளும் பொருந்தாது. ஒரு கிழமை என்னால் கட்ட முடியாமல் போனபோது, எனக்குப் பிணை நின்ற நான்கு பேரின் வாசலிலும் போய் நின்றார்கள். அந்த வீடுகளுக்கு நான் பிறகு போக ஒரு வருடம் ஆனது. நகையை வங்கியில் அடகு வைப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

8. விலையும் கடன் கொப்பியும்

ஒரு எச்.பி மோட்டார் ஒன்றுக்கு, கடைசியாக நான் கம்பி வாங்கிய விலையில்: கம்பி 4,400, பேப்பர், வார்னிஷ், நூல் 600, பெயரிங் சோடி 900, கறண்ட் 150. கைக்காசு 6,050. நான் வாங்குவது 9,500. ஒன்றரை நாள் வேலைக்கு 3,450 மிஞ்சுகிறது. அதற்குள் வாடகை, போன், திரும்பி வருகிற வேலைக்கு ஒரு பங்கு எல்லாம் வர வேண்டும். புது மோட்டார் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் ஆட்கள் புதிது வாங்கிவிடுவார்கள். ஆகவே மேலேயும் ஓர் எல்லை இருக்கிறது. உங்கள் தொழிலிலும் இந்த இரண்டு எல்லையையும் கண்டுபிடித்த பிறகே விலை சொல்லுங்கள். பக்கத்துக் கடையைவிடக் குறைத்துத் தொடங்கினால் பிறகு ஏற்றவே முடியாது.

சாமான் காசை முற்பணமாக வாங்குங்கள். கூலியைக் கடனாக விடலாம், கம்பியைக் கடனாக விட முடியாது. நான் முதல் வருடம் மனம் கேட்காமல் முழுதையும் கடனுக்குச் செய்து, 41,000 ரூபா வெளியில் நின்றபோது கம்பி வாங்கக் காசில்லாமல் பதினொரு நாள் கடை பூட்டினேன்.

மோட்டார் உள்ளே வரும்போதே ஒரு துண்டு கட்டுங்கள்: பெயர், போன் இலக்கம், திகதி, சொன்ன விலை, வாங்கிய முற்பணம். பாதித் துண்டு அவரிடம். எரிந்த பழைய செம்புக்கும் காசு உண்டு. அது யாருக்கு என்பதை முதலே கதையுங்கள். நான் அவர் கண் முன்னாலேயே நிறுத்துப் பார்த்து, அன்றைய பழைய செம்பு விலையைக் கூலியில் கழித்துவிடுகிறேன். தராசைப் பார்த்துவிட்டுப் போகிறவர் அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

கொடுக்கும்போது ஓட விட்டுக் காட்டுங்கள். கிளாம்ப் மீற்றரை மாட்டி, எத்தனை அம்பியர் எடுக்கிறது என்று துண்டில் எழுதிக் கொடுப்பேன். பிறகு எரிந்து வந்தால் என் வேலையா, தண்ணீர் இல்லாத கிணற்றில் ஓட விட்டதா என்று அந்த எண் சொல்லும்.

9. தொடங்குகிற மாதம்

வன்னியில் கடைக்கு மாதம் பார்ப்பது சாத்திரத்துக்காக மட்டும் இல்லை. காலபோக நெல்லு தை, மாசியில் வெட்டுவார்கள். மாசி, பங்குனியில் கையில் காசு இருக்கும். பழைய கடன் வருவதும் அப்போதுதான். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வெயில், கிணறு இறங்கும், மோட்டார் எரியும். எனக்கு வருடத்தின் வேலை அந்த ஆறு மாதத்தில். ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை கடை ஈரக் கோழி மாதிரி ஒடுங்கிக் கிடக்கும். வார்னிஷ் காயாது. நான் நூறு வாட் குண்டு பல்ப் இரண்டு போட்ட பெட்டிக்குள் வைத்து இரவிரவாகக் காய விடுகிறேன்.

ஆகவே தண்ணீர், தோட்டம் சார்ந்த தொழில் என்றால் மாசியில் திறக்கிற மாதிரிப் பின்னோக்கி எண்ணுங்கள். கார்த்திகையில் காணிக் கடிதம் பார்த்து முடிய வேண்டும். மார்கழியில் கிராம அலுவலர் கடிதமும் வியாபாரப் பதிவும். தை முதல் கிழமையில் பிரதேச சபை அனுமதி, அதே கிழமையில் மின் இணைப்பு விண்ணப்பம். தைப்பொங்கல் முடிந்த பிறகு சாமான் வாங்கப் போங்கள். லேண்ட்மாஸ்ரர் திருத்துகிறவர் ஆவணியில் திறக்க வேண்டும், ஏனென்றால் புரட்டாதியில் உழவு தொடங்க முதல் எல்லோரும் ஒரே கிழமையில் கொண்டுவந்து இறக்குவார்கள். வெல்டிங்காரர் அறுவடை முடிகிற நேரம் தொடங்கலாம், கூரையும் படலையும் போடுகிற காசு அப்போதுதான் வருகிறது.

மழை மூன்று மாதமும் கடையைப் பூட்டாதீர்கள். வீட்டு மின்விசிறி, அரைக்கிற மெசின், கிரைண்டர் எல்லாவற்றிலும் சிறிய மோட்டார் இருக்கிறது. நான் ஐப்பசி முதலாம் திகதி ஒரு அட்டையில் "மின்விசிறி திருத்தப்படும்" என்று எழுதி ஒழுங்கை முகப்பில் கட்டுவேன். பங்குனியில் அதைக் கழற்றி வைப்பேன்.